பழைய டீசல் கார் நடுங்குகிறதா? நாசிலைக் கழற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

அப்பா 2010-இல் வாங்கிய டீசல் கார் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் கையோடு சேர்ந்து ஆடும். கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியாது. பட்டறையில் காட்டினோம். "நாலு நாசிலும் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். கடைசியில் போயிருந்தது எஞ்சினைத் தாங்கும் ஒரே ஒரு ரப்பர் மவுண்டிங். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: எஞ்சினே ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா, இல்லை நன்றாக ஓடும் எஞ்சினின் அதிர்வு தடுப்பில்லாமல் உங்களிடம் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியமும் வேறு, செலவும் வேறு.

இங்கே நான் சொல்வது நான்கு சிலிண்டர் காமன் ரயில் எஞ்சின்களுக்கு, அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் எஞ்சின்களுக்கு. ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி எஞ்சின் அப்படிப்பட்டதுதான். மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ எனப் பல கார்களில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, ஓடிக்கொண்டிருக்கும் மாருதி டீசல் கார்கள் எல்லாமே வயதானவைதான்.

தொடங்கும் முன்

சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். வேட்டி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தலோடு பானட்டுக்குள் குனிய வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

ஆயில் விளக்கு எரிந்தாலோ, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அடியிலிருந்து கனமான "டங் டங்" கேட்டாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே எஞ்சினை அணைத்து, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். பேரிங் தேய்ந்திருக்கலாம். அதோடு இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போகும்.

1. டிப் ஸ்டிக்

எஞ்சின் ஆறியதும் டிப் ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, உருவி ஆயிலைப் பாருங்கள். குறைவாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் (வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைய ஓட்டும்) டைமிங் செயின் பக்கம் "கடகட" என்று கேட்கலாம். பல எஞ்சின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அளவைச் சரிசெய்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

மாறாக, அளவு மேல் கோட்டையும் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓட வாய்ப்பு உண்டு.

2. எப்போது வருகிறது?

80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். நடுக்கம் இல்லையா? அப்படியென்றால் வீல் பேலன்சிங், டயர், ஆக்சில் பக்கம் போங்கள்.

கிளட்ச்சை மிதித்தால் உறுமல் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸ் இன்புட் பேரிங் மேல் சந்தேகம். மிதித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

3. நடுக்கத்தின் தாளம்

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இது. எஞ்சின் மேல் மூடியில், சூடில்லாத இடமாகப் பார்த்துக் கையை வையுங்கள். 800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டரும் வேலை செய்தால் நொடிக்கு சுமார் 27 முறை டீசல் எரிகிறது. கைக்கு அது ஒரே சீரான ரீங்காரமாகத்தான் தெரியும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் நொடிக்கு ஏழு முறை போல ஓர் இடறல் வரும். அதைக் கை தனியாக உணர்ந்துவிடும். சைலன்சர் வாயிலும் "புக்.. புக்.." என்று அதே இடறல் கேட்கும். மிஸ்ஸிங் என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

தாளம் சீராக இருந்து, உள்ளே சீட் மட்டும் நடுங்கினால் அடுத்த படிக்குப் போங்கள். இடறினால் நேராக ஆறாவது படி.

4. மவுண்டிங்

பெட்ரோல் எஞ்சின் காற்றைப் பத்து பங்கு போல அமுக்கினால், டீசல் எஞ்சின் பதினாறு முதல் இருபது பங்கு வரை அமுக்கும். அந்த அடி முழுவதையும் வாங்குவது மூன்று நான்கு ரப்பர் துண்டுகள். டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் பாருங்கள். அப்பாவின் காரில் வலப்பக்க மவுண்டிங்கின் ரப்பர் நடுவில் வாய் பிளந்து, இரும்பு இரும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. உரசிய இடம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. திரவம் நிரப்பிய மவுண்டிங் என்றால் கிழிந்ததும் கீழே கறுப்பாக வழிந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? பழக்கப்பட்ட ஒருவரை உட்காரவைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள்; வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது. எஞ்சின் கொஞ்சம் சாயத்தான் செய்யும். எகிறிக் குதித்து "டக்" என்று இடித்தால் மவுண்டிங் போய்விட்டது.

5. பெல்ட்

கீச்சென்று கத்தினால் ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் பெல்ட் அல்லது அதன் இறுக்கம். மாறாமல் உறுமினால் ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் உருளை), ஆல்டர்னேட்டர் பேரிங்குகளைப் பாருங்கள். நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை அசையாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டினால் எந்த பேரிங் என்று தெரிந்துவிடும்.

6. எந்த சிலிண்டர்?

பழைய பம்ப் வண்டிகளில் நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரயிலில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலையே எடுக்க வேண்டிவரலாம்.

அதற்குப் பதிலாக, எஞ்சினை அணைத்து ஒரே ஒரு நாசிலின் ஒயர் பிளக்கை மட்டும் கழற்றுங்கள். ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நடுக்கம் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. அணைத்து, மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். எதைக் கழற்றியும் நடுக்கம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும்போது பிளக்கைத் தொட வேண்டாம், அதில் வரும் மின்சாரம் பன்னிரண்டு வோல்ட்டை விடப் பல மடங்கு அதிகம். பிளக்கைக் கழற்றினால் சில கார்கள் ஸ்டார்ட் ஆகாது. அவற்றுக்கு காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி. சோதனைக்குப் பிறகு செக் எஞ்சின் விளக்கு எரிந்தாலும் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

அந்த நாசிலைச் சுற்றித் தார் போலக் கரி படிந்து, "சுஃப் சுஃப்" என்று காற்று கசிகிறதா? அடியிலுள்ள காப்பர் வாஷர் போயிருக்கும். வாஷர் சின்னக் காசுதான், ஆனால் கரியில் இறுகிய நாசிலைக் கழற்றுவது அனுபவசாலியின் வேலை.

7. ரிட்டர்ன் பாட்டில்

இதைப் பட்டறையில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாசிலிலிருந்தும் எரியாமல் திரும்பி வரும் டீசலை (ரிட்டர்ன்) தனித்தனி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுவார்கள். மூன்றில் கொஞ்சமும் ஒன்றில் மட்டும் பல மடங்கும் நிறைந்தால், அந்த நாசில் உள்ளே தேய்ந்து டீசலைத் திருப்பி விடுகிறது. நான்கும் சமமாக இருந்தாலும் நாசில் முனை ஒழுகலாம், அதை பம்ப் நாசில் சர்வீஸ் கடையில் மெஷினில் போட்டுத்தான் பார்க்க முடியும். முனையும் சரி என்றால், அந்த சிலிண்டருக்கு கம்ப்ரஷன், அதாவது காற்றைச் சரியாக அமுக்குகிறதா என்று, பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் புது நாசிலுக்குப் பணம் கட்டாதீர்கள்.