பேரரசின் பழைய எல்லையை இன்றைய வரைபடத்தில் தேடும் முறை

பழைய பேரரசு ஒன்றின் எல்லையைத் தேடப் புறப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது, பாடநூலில் வண்ணம் தீட்டிக் காட்டப்படும் வரைபடத்தை மூடிவைப்பதுதான். அந்த வண்ணத்தின் விளிம்பு பெரும்பாலும் வரைந்தவரின் ஊகம். நமக்கு வேண்டியவை சான்றுள்ள புள்ளிகள்.

அசோகரின் தென்னெல்லையை எடுத்துக்கொள்வோம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைப் பார்த்து, அவருடைய சாசனங்கள் கிடைத்த ஊர்களை மட்டும் வெற்று வரைபடத்தில் குறிக்கவும். கர்நாடகத்தின் பிரம்மகிரி, ஆந்திரத்தின் எர்ரகுடி எனப் புள்ளிகள் தெற்கே இறங்கி வரும்; தமிழ்நாட்டில் ஒன்றும் விழாது. பிறகு வாசகத்தைப் படிக்கவும். இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லைப்புறத்து அயலாராகக் குறிப்பிடுகிறது. அந்த அயலார் விட்டுச்சென்ற சான்றையும் சேர்ப்பது அடுத்த படி. பலர் தவறவிடுவது இதைத்தான். 1981இல் தமிழ்நாட்டின் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ', அதாவது சத்தியபுத்திரர், என்றே அழைப்பதால், அசோகரின் தலைநகரான பாடலிபுத்திரம் பெயரளவில் சுட்டிய குடி ஒன்று தன் மண்ணிலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது. இருதரப்புப் புள்ளிகளுக்கும் நடுவே எஞ்சும் வெளியில் கோடு இழுக்க வேண்டாம். பென்சிலால் நிழலிட்டால் போதும்.

இன்றைய எல்லைக்குக் கல்லைவிடக் காகிதமே முக்கியம். தமிழ்நாட்டின் வட எல்லை, 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஒருமுறையும், எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது மறுமுறையும் வரையப்பட்டது. தமிழகத்தின் வட எல்லையாகத் திருப்பதி மலையைச் சுட்டும் 'வடவேங்கடம்' என்னும் பழந்தொடர் எல்லைப் போராட்டத்தில் முழங்கியது உண்மை. ஆயினும் பிரிவினைக்கு அளவுகோலாக நின்றவை கிராமமும், அங்குப் பெரும்பான்மையோர் பேசிய மொழியும், நிலத்தொடர்ச்சியுமே. திருத்தணி நம் பக்கம் வந்தது, வேங்கடம் வரவில்லை.

இறுதியாகப் பழைய எல்லை, இன்றைய எல்லை ஆகிய இரு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவும். பிரிட்டனில் ரோமானியர் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரை ஸ்காட்லாந்து எல்லை என்று பலர் நம்புகின்றனர். அது முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேயே கிடக்கிறது. மாறாக, ரோமானியர் காவல் வைத்த டான்யூப் ஆறு இன்றும் ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையே நெடுந்தொலைவு எல்லையாக ஓடுகிறது. எனவே இரு எல்லைகளும் ஒட்டும் இடத்தில் ஆறா, மலையா, பிற்கால ஒப்பந்தமா என்று காரணத்தை ஓரத்தில் எழுதவும். காரணம் எழுத இயலாத ஒற்றுமையை அழித்துவிடவும்.