வேலூர் வெயிலில் பழைய பிஎஸ்3: வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?

சோனியின் பழைய கேம் மெஷினான பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) இன்னும் ஆடத் தகுந்ததா என்று கேட்டால், எந்த கேமுக்காக என்று முதலில் யோசியுங்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ், அன்சார்ட்டட், காட் ஆஃப் வார் 3 என்றால் வேண்டாம். அவை மூன்றும் பிஎஸ்4இல் இன்னும் தெளிவான படத்தோடு வந்துவிட்டன. புதிய ஃபிஃபா வேண்டுமென்றாலும் வேண்டாம். பிஎஸ்3க்கு வந்த கடைசிப் பதிப்பு ஃபிஃபா 19. ஆனால் கில்ஸோன் 2, ரெசிஸ்டன்ஸ் வரிசை, இன்ஃபேமஸ் முதல் இரண்டு பாகங்கள், மோட்டர்ஸ்டார்ம், பப்பெட்டியர் ஆகியவற்றுக்குப் பிஎஸ்3தான் வழி. வெளிநாடுகள் சிலவற்றில், சோனியின் சந்தா சேவையான பிளேஸ்டேஷன் பிளஸின் பிரீமியம் திட்டத்தில் பிஎஸ்3 கேம்களை ஸ்ட்ரீம் செய்கிறார்கள். இந்தியாவில் கிடைக்கும் டீலக்ஸ் திட்டத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் இங்கே பழைய மெஷினுக்கு இன்னும் மதிப்பு. கிரிக்கெட் பிரியர்களுக்கு டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 டிஸ்க்கும் உண்டு.

ஆன்லைனில் ஆடப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான கேம்களின் சர்வர்களை மூடிவிட்டார்கள். கிரான் டூரிஸ்மோ 6 சர்வர் 2018லேயே போய்விட்டது. தனியாகவோ, ஒரே டிவியில் இருவராகவோ ஆடுவதற்கென்று நினைத்தே வாங்குங்கள்.

எந்த மாடல்? பின்பக்க ஸ்டிக்கரில் எண் இருக்கும். முதலில் வந்த பருமனான மாடல்களை விட்டுவிடுங்கள். அவை 200 வாட் அளவுக்கு இழுத்து, அந்தச் சூட்டில் கிராஃபிக்ஸ் சிப்பின் இணைப்புகள் விரிந்து சுருங்கி விட்டுப்போகும். அப்படிப் போன மெஷினை ஆன் செய்தால் பச்சை லைட் வந்து, ஒரு நொடி மஞ்சளாகி, மூன்று பீப் அடித்து, சிவப்பு மின்னும். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்துச் "சரி செய்த" மெஷின் சில வாரம் ஓடிவிட்டு அதே இடத்தில் நிற்கும். அந்தப் பணம் தண்டம். மெலிந்த வடிவத்தில் 2100, 2500, 3000 வரிசைகள்தான் நம் ஊருக்குச் சரி. 2100 முதல் கிராஃபிக்ஸ் சிப்பின் நுண்பாகங்கள் சிறிதாகி 40 நானோமீட்டருக்கு இறங்கியதால் சூடு நன்றாகக் குறைந்தது. 4000 வரிசையும் பரவாயில்லை, ஆனால் அதில் 12 ஜிபி மாடல் வந்தால் ஹார்டு டிஸ்க் தனியாக வாங்க வேண்டும். பிஎஸ்1 டிஸ்க் எல்லா பிஎஸ்3லும் ஓடும். பிஎஸ்2 டிஸ்க் மெலிந்த மாடல் எதிலும் ஓடாது. ஸ்டிக்கரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள்.

பார்க்கப் போவதற்கு மே மாத மதியம் இரண்டு மணியை விட நல்ல நேரம் கிடையாது. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில் 45 நிமிடம் தாங்கும் மெஷின் வருஷம் முழுக்கத் தாங்கும். காட்பாடியில் விஐடி பக்கம் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் மாணவர்களிடம் கேட்டால் அந்த நேரத்தில் கிடைக்க வாய்ப்பும் அதிகம். கையில் ஒரு பிஎஸ்3 டிஸ்க்கும் ஒரு சினிமா டிவிடியும் கொண்டுபோங்கள். ப்ளூரேவுக்கும் டிவிடிக்கும் லேசர் வேறு வேறு. ஒன்று ஓடி இன்னொன்று ஓடாமல் இருக்கலாம். டிஸ்க்கிலிருந்து கேமை இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க்கில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே திணறும். உங்கள் கணக்கில் ஒருமுறை லாகின் செய்துபாருங்கள். உள்ளே மாற்றம் செய்து, சோனி தடை போட்ட மெஷினாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பத்து நிமிடத்துக்குள் ஃபேன் சீறத் தொடங்கினால், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகியிருக்கிறது, அல்லது தூசி அடைத்திருக்கிறது. இதை வைத்து விலையைக் குறையுங்கள், சரி செய்யக்கூடிய கோளாறுதான். படமே வரவில்லை என்றால் பதற வேண்டாம். பழைய டிவியின் அமைப்பு அதில் தங்கியிருக்கும். ஆஃப் செய்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை அழுத்திப் பிடித்தால் வீடியோ அமைப்பு புதிதாக வரும்.

பேஸ்ட் மாற்றத் தேவையானவை: நடுவில் குழி உள்ள டி8 டார்க்ஸ் (ஆறு முனை) பிட், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நல்ல பேஸ்ட் ஒரு டியூப், பல் தேய்க்கும் பிரஷ், பஞ்சு. உள்ளூரில் டார்க்ஸ் பிட் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறுங்கள். சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான், பேஸ்டும் லென்ஸும் அங்கே தேடலாம்.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. அவிழ்க்கும் ஸ்க்ரூக்களை ஒரு அட்டையில் அதே இடப்படி குத்தி வைத்தால் நீளம் மாறிப்போகாது. டிஸ்க் டிரைவிலிருந்து வரும் தட்டையான கேபிளின் பூட்டை நகத்தால் நெம்பிய பிறகே இழுங்கள். பலருடைய மெஷின் கெடுவது இந்த இடத்தில்தான். பழைய பேஸ்டை ஆல்கஹாலில் துடைத்து, பிராசஸர், கிராஃபிக்ஸ் என்ற இரண்டு சிப்களின் உலோக மூடிகளின் மேலும் மெல்லிய சீரான பூச்சாகத் தடவுங்கள். மூடிகள் பெரியவை, நடுவில் ஒரு பொட்டு வைத்து அழுத்தினால் ஓரம் வரை போகாது. மூடியை நெம்பி உள்ளே பேஸ்ட் போடும் வேலைக்குப் பழகிய கை வேண்டும். கத்தி சறுக்கினால் சிப் போனது போனதுதான். பூட்டும்போது ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தூசியை புளோயரில் ஊதினால் ஃபேனை ஒரு பல்குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

டிஸ்க்கைப் படிக்கும் லேசர் லென்ஸ் போயிருந்தால் அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண் லென்ஸ் மட்டும் வாங்குங்கள். வேறு மெஷினின் டிரைவை முழுசாகக் கழற்றிப் போட்டால் கேம் ஓடாது. டிரைவின் கண்ட்ரோல் போர்டு அந்தந்த மதர்போர்டோடு ஜோடி சேர்த்தது. இது தெரியாமல் டிரைவுக்குக் காசு கொடுத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஹார்டு டிஸ்க் மாற்றுவது இதை விட எளிது. 2.5 அங்குலம், 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மிகாத சாட்டா டிரைவ் எதுவும் பொருந்தும். 500 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். லோடிங் ஓரளவு குறையும், மாயம் எதிர்பார்க்காதீர்கள். முன்பக்க மூடியைத் தள்ளி, நீல ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியால் இழுத்தால் பழையது வந்துவிடும். சோனி தளத்திலிருந்து சிஸ்டம் சாஃப்ட்வேரை இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் பிஎஸ்3 என்ற ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், அதற்குள் அந்த ஃபைல் என்று வையுங்கள். ஃபோல்டர் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இருமுறை இறக்கியதால் ஃபைல் பெயரோடு அடைப்புக்குறியில் எண் ஒட்டியிருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் மெஷின் ஃபைலே இல்லை என்று சாதிக்கும்.

கரண்ட் போய் வரும் ஊரில் ஒரு 600 விஏ யுபிஎஸ் வீண் செலவல்ல. மெலிந்த மாடல் ஆடும்போது சுமார் 80 முதல் 100 வாட்தான் எடுக்கும். சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். சேவ் நடக்கும் நடுவில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடும். அப்போது பழுதுபார்க்கும் மெனுவான சேஃப் மோடுக்குப் போங்கள்: அணைந்த நிலையில் பவர் பட்டனை, மெஷின் தானாக அணையும் வரை பிடித்து விடுங்கள். மறுபடி பிடித்து, அடுத்தடுத்து இரண்டு பீப் வேகமாகக் கேட்டதும் கையை எடுங்கள். ஜாய்ஸ்டிக்கை வயரில் மாட்டி, மூன்றாவது தேர்வில் ஃபைல் சிஸ்டத்தையும், பிறகு நான்காவதில் டேட்டாபேஸையும் சரி செய்யலாம். ஐந்தாவது எல்லாவற்றையும் அழித்துவிடும், தொடாதீர்கள்.

ஜாய்ஸ்டிக்கைப் பெரும்பாலான போன் சார்ஜரில் மாட்டினால் ஏறாது; ஓடும் மெஷினிலோ கம்ப்யூட்டரிலோ மினி யுஎஸ்பி வயரில் மாட்டுங்கள். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் கேட்டால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது.

மூடிய டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி, தரையிலிருந்து உயரம், மெஷின் ஆறிய பிறகு மட்டும் துணி மூடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டி வைத்தால் எறும்பும் கரப்பானும் சூடான இடம் தேடி உள்ளே குடியேறும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

வாங்கிய முதல் நாளிலிருந்தே சேவ் ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கேம் பிரிவில் சேவ்டு டேட்டா யுட்டிலிட்டிக்குப் போய், முக்கோணப் பட்டனை அழுத்தி காப்பி கொடுத்தால் போதும். பிஎஸ்3 ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அந்த மெஷினின் சாவியால் பூட்டியவை. மதர்போர்டு போய்விட்டால், டிஸ்க் நன்றாக இருந்தும் வேறு மெஷினில் மாட்டி அவற்றை எடுக்க முடியாது.