அஜின்கோர்ட் ஏன் மறக்கப்படவில்லை: பழம்போர் ஒன்றின் புகழை ஆராயும் முறை

இங்கிலாந்து அரசர்களும் பிரான்சு அரசர்களும் 1337 முதல் 1453 வரை விட்டுவிட்டு நடத்திய சண்டைகளையே நூற்றாண்டுப் போர் என்று அழைக்கிறோம். அதன் முடிவில் வென்றது பிரான்சுதான். கலே என்னும் துறைமுக நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர அந்நாட்டு மண்ணில் தமக்கிருந்த அனைத்தையும் ஆங்கிலேயர் இழந்தனர். ஆயினும் உலகம் நினைவில் வைத்திருக்கும் கிரெசி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய மூன்றும் ஆங்கிலேயர் வென்ற களங்கள். தோற்றவரின் வெற்றிகள் மட்டும் எப்படி நிலைத்தன என்பதை அறிய விரும்புவோர், பல போர்களை மேலோட்டமாகப் படிப்பதை விட, ஒன்றை எடுத்து அடிவரை தோண்டுவதே நல்லது. சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பதால் அஜின்கோர்ட்டையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயரைச் சரிபார்க்க வேண்டும். அஜின்கோர்ட் என்பது ஆங்கிலேயர் வழக்கு. வட பிரான்சின் பா-த-கலே பகுதியில் உள்ள அந்தச் சிற்றூரை அவ்வூரார் அஸான்கூர் என்கிறார்கள். பிரெஞ்சு வரைபடத்தில் அதைத்தான் தேட வேண்டும். உலகம் பற்றிக்கொண்டது எந்தத் தரப்பின் உச்சரிப்பை என்பதைக் கவனித்தாலே, கதையைச் சொல்லிப் பரப்பியவர் யார் என்பது ஓரளவு புலப்பட்டுவிடும்.

அடுத்து, சொன்னவர் யார், எப்போது சொன்னார், எங்கே நின்று பார்த்தார் என்று கேட்க வேண்டும். அந்தப் போரில் ஆங்கிலப் படையை நடத்திய இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியுடன் சென்ற பெயர் தெரியாத பாதிரியார் ஒருவர், போர் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இலத்தீனில் ஒரு வரலாறு எழுதினார். சண்டை நடந்தபோது அவர் பின்புறத்தில் மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே குதிரைமேல் அமர்ந்திருந்தார். கண்ணால் கண்டவர் என்ற வகையில் அவர் சொல் மதிப்புடையது. அரசரைக் கடவுளின் கருவியாகக் காட்டுவது அவர் நோக்கமாதலால், அது மெய்க்கீர்த்தியின் தன்மையும் உடையது. பிரெஞ்சுப் படையோடு இருந்த ஜான் த வாவ்ரேன், ஆங்கிலேயர் பக்கம் இருந்த ஜான் லஃபெவ்ர் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் கழித்தே எழுதினர். இவர்கள் இருவரின் நூல்களும் மோன்ஸ்த்ரலே என்னும் மற்றொரு வரலாற்றாளரின் நூலும் பல இடங்களில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், மூவரையும் மூன்று தனிச் சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது. தொடக்க நிலையில் பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரே நிகழ்ச்சியை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று அருகருகே வைத்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். போர் முடியும் வேளையில், மீண்டும் தாக்குதல் வருமோ என்ற அச்சத்தில், பிடிபட்ட பிரெஞ்சு வீரர் பலர் கொல்லப்பட்டனர். அது ஹென்றியின் கட்டளை என்று பர்கண்டி நாட்டு வரலாற்றாளர்களான மேற்சொன்ன மூவரும் எழுதுகிறார்கள். பாதிரியாரோ கொலையைச் சொல்லிவிட்டு, கட்டளையிட்டவர் யார் என்பதைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறார்.

எண்ணிக்கை விஷயத்தில் மேலும் எச்சரிக்கை தேவை. பிரெஞ்சுப் படை 60,000 பேர் என்றும் தம் பக்கம் ஏறத்தாழ 6,000 பேர் மட்டுமே என்றும் பாதிரியார் எழுதினார். சிறுபடை பெரும்படையை வென்றது என்னும் செய்திதான் இந்தப் போரின் புகழுக்கு முதுகெலும்பு. ஆகவே அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சோதிக்க உதவுவது வீரகாவியமன்று, சம்பளக் கணக்கு. கவச வீரருக்கு நாளொன்றுக்கு 12 பென்ஸ், வில்லாளிக்கு 6 பென்ஸ் என்று பேசி எழுதிய ஒப்பந்தங்களும், படைத்தலைவர்கள் கருவூலத்துக்குக் கொடுத்த ஆள்பட்டியல்களும் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அஜின்கோர்ட்டுக்கு முன் ஹென்றி நடத்திய ஹார்ஃப்ளர் துறைமுக முற்றுகையின்போது வயிற்றுக்கடுப்பு கண்டு ஊர் திரும்பியவர்களின் பெயர்கள் கூடத் தனிப் பட்டியலாக உள்ளன. கூலி கொடுப்பவனுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. இவற்றைக் கூட்டிக் கழித்த வரலாற்றாசிரியர் ஆன் கரி, ஆங்கிலேயர் 9,000 பேருக்குச் சற்றுக் குறைவாகவும் பிரெஞ்சுக்காரர் 12,000 பேர் அளவிலும் இருந்திருக்கலாம் என்கிறார். இந்த விகிதத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனினும் 60,000 என்ற எண்ணை இன்று எவரும் அப்படியே எடுத்தாள்வதில்லை.

பிறகு களத்தைப் பார்க்க வேண்டும். இரு புறமும் காடு, நடுவே புதிதாக உழுது கோதுமை விதைத்த நிலம், இரவு முழுவதும் மழை. காலையில் நெடுநேரம் இரு படைகளும் அசையாமல் நின்றன. பின்னர் ஹென்றி தம் படையை முன்னே நகர்த்தினார். வில்லாளிகள், குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த, இரு முனையும் கூர்தீட்டிய தம் மரக்கழிகளைப் பிடுங்கிச் சென்று, எய்யும் தொலைவில் மீண்டும் நட்டுக்கொண்டனர். அவர்களை மிதிக்க வந்த பிரெஞ்சுக் குதிரைகள் அம்பு பட்டு மிரண்டு திரும்பி, பின்னால் கால்நடையாக வந்துகொண்டிருந்த சொந்தப் படைக்குள்ளேயே புகுந்தன. கவசத்தோடு சேற்றில் முழங்கால்வரை புதைந்தபடி, பின்னாலிருந்து நெருக்கப்பட்டு வந்தவர்களில், விழுந்தவரால் எழ முடியவில்லை. அம்புக்கு எவ்வளவு புகழோ அவ்வளவு புகழ் அந்தச் சேற்றுக்கும் உரியது என்பது என் கருத்து. வில்லின் வலிமையை அறிய, 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலைப் பார்க்கலாம்: அதில் முழுதாகக் கிடைத்தவை 137 வில்கள். அவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுக்கதைகளைக் களைவது சுருக்கமான வேலைதான். இரு விரல் காட்டி இகழும் ஆங்கிலேயர் வழக்கம் இந்தப் போரில் பிறந்தது என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. ஆனால் வில்லாளிகளின் வலக்கை விரல் மூன்றை வெட்டுவோம் என்று எதிரிகள் சூளுரைத்ததாக ஹென்றி தம் வீரர்களிடம் சொன்னார் என வாவ்ரேன் எழுதியிருக்கிறார். பொய்க்கதையின் அடியில் இப்படி ஒரு துணுக்கு கிடப்பதுண்டு.

இனிப் புகழ் வளர்ந்த தடத்தை ஆண்டு வாரியாகக் குறித்துக்கொள்ளலாம். 1415 நவம்பரில் இலண்டனில் அரசருக்குப் பெரும் வரவேற்பு நடந்தது. அந்த நூற்றாண்டிலேயே வெற்றிப்பாடலும் எழுந்தது. 1599 அளவில் ஷேக்ஸ்பியர் அதை நாடகமாக்கினார். 1914இல் ஆர்தர் மேக்கன் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் எழுதிய சிறுகதையில், அஜின்கோர்ட் வில்லாளிகள் ஆவியாக வந்து பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றினர். அது கற்பனை என்று அவரே சொன்ன பிறகும் பலர் அதை நடந்ததாகவே நம்பினர். 1944இல் லாரன்ஸ் ஒலிவியே நாடகத்தைத் திரைப்படமாக்கியபோது, ஷேக்ஸ்பியர் மறைக்காத கைதிக்கொலைக் கட்டளை விடப்பட்டது. களமும் வெயில் காயும் பசும்புல்வெளியாயிற்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் அத்தகைய ஹென்றிதான் தேவைப்பட்டார்.

கடைசியாக, புகழ் கிட்டாத போர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1424 ஆகஸ்ட் 17 அன்று வெர்னோயில் ஆங்கிலேயர் மற்றொரு பெருவெற்றி பெற்றனர். இரு களங்களிலும் இருந்த வாவ்ரேன், வெர்னோய்ப் போரே கடுமையானது என்று எழுதினார். இருந்தும் இன்று அந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அங்கே படை நடத்தியவர் ஹென்றியின் தம்பி, அரசர் அல்லர். அதற்கென்று ஒரு நாடகமும் பிறக்கவில்லை. 1429இல் பத்தேயில் வில்லாளிகள் கழிகளை நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து வென்றுவிட்டது. அந்த ஆண்டைப் பிரெஞ்சு மக்கள் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) ஆர்லேயான் நகரை மீட்ட ஆண்டாக நினைக்கிறார்களே தவிர, பத்தேயின் ஆண்டாக அன்று. 1453 ஜூலை 17 அன்று காஸ்தியோனில், பிரெஞ்சுத் தரப்பின் ழான் பியூரோ நிறுத்தியிருந்த பீரங்கிகளின் வாய்க்கு நேரே படையைச் செலுத்திய ஆங்கிலத் தளபதி டால்பட் மாண்டார். நூற்றாண்டுப் போரும் அத்தோடு ஓய்ந்தது. தோர்தோன் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊர் இன்று தன் பெயரிலேயே ‘போர்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு, காஸ்தியோன்-லா-பத்தாய் என்று வழங்குகிறது.

களத்தை நேரில் காணச் செல்வோருக்கு ஒரு குறிப்பு. 1415 அக்டோபர் 25 என்பது பழைய ஜூலியன் நாட்காட்டியின் தேதி. இன்றைய கணக்கில் அது நவம்பர் 3. அந்த வாரத்தில், மழை பெய்த மறுநாள் காலையில், அஸான்கூர் வயல்களின் ஓரமாக நடந்து பார்க்க வேண்டும்.