மஸ்டாங்கா, 86-ஆ? கூப்பே வாங்குமுன் உருப்படியாகச் சண்டை போடும் முறை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேர் கூடினால், இரண்டாவது தோசை தட்டில் விழுவதற்குள் யாராவது ஒருத்தர் ஃபோனை நீட்டி, "இந்த விலைக்கு இது தேவையா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். டெட்ராய்ட் புறநகர் அப்படி. நான் 14 வருடமாக ஒரு உதிரிபாக நிறுவனத்தில் பிரேக் சோதனை செய்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் கார் தொழிலில்தான் இருக்கிறார்கள். ஃபோர்டின் மஸ்டாங் தயாராகும் ஃபிளாட் ராக் ஆலை எங்கள் ஊருக்குப் பக்கம். அதனால் இங்கே ஒருவன் ஜப்பான் கூப்பே (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கப் போகிறேன் என்றால், வேற்று ஊரில் பெண் எடுத்த மாதிரி பேச்சு கிளம்பும்.

போன இலையுதிர் காலத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வந்தான். "அக்கா, டொயோட்டா ஜிஆர்86 எடுக்கலாம்னு இருக்கேன். மாமா மஸ்டாங்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நீங்களே சொல்லுங்க." என் வீட்டுக்காரர் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே, "228 குதிரைத்திறனுக்கு முப்பதாயிரமா? அதே காசுக்கு அங்க 315 தர்றான்" என்றார். இரண்டின் ஆரம்ப விலையும் அப்போது 30,000 டாலரை ஒட்டித்தான். அவர் சொன்னது பொய்யில்லை. அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், பிறகு மூன்று வாரம் அவனோடு அலைந்ததையும் இங்கே எழுதுகிறேன். வேறு எந்தக் கூப்பேக்கும் இதே வழியில் போகலாம்.

முதலில் ஒரு தாள்

பேச்சை நிறுத்திவிட்டு ஒரு தாளில் நாலு பதில் எழுதச் சொன்னேன். இதுதான் ஒரே காரா? ஜனவரியில் வெளியே எடுப்பாயா? தினம் எத்தனை மைல், அதில் நின்று நின்று போவது எவ்வளவு? பின்சீட்டில் யார்?

ஒரே கார், பனியிலும் ஓடும், ஐ-696 நெடுஞ்சாலையில் போக வர 62 மைல் என்று எழுதினான். கடைசிக் கேள்விக்கு மட்டும், "யாருமில்ல... ஆனா கோடையில அம்மா அப்பா வருவாங்க" என்று இழுத்தான். இப்படி ஒரு "ஆனா" தாளில் ஏறிவிட்டால் அது மற்ற எல்லாக் கணக்கையும் தின்றுவிடும். 86-இன் பின்சீட்டில் கைப்பை உட்காரும், ஆள் உட்கார முடியாது. மஸ்டாங்கில் கொஞ்சம் பரவாயில்லை என்றாலும், அறுபத்தைந்து வயது முட்டியை மடக்கி அதற்குள் நுழைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? இரண்டுமே அந்த வேலைக்கு ஆகாது என்பதால் அந்தக் கேள்வியை அடித்தோம். அவர்கள் வரும் மூன்று வாரத்துக்கு வாடகைக்கு ஒரு பெரிய வண்டி. சாதகமாக ஒன்றும் உண்டு: 86-இன் பின்சீட்டை மடக்கினால் நாலு சக்கரம் உள்ளே போகும். டயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பந்தயத் தடத்துக்கு, அதாவது டிராக்குக்குப் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

குதிரைக் கணக்கு

என் வீட்டுக்காரரின் 315-க்கு வருகிறேன். எண்ணை வைத்து வாதாடினால் எடையையும் சேர்த்துத்தான் வாதாட வேண்டும். நாலு சிலிண்டர் மஸ்டாங் ஈகோபூஸ்ட் சுமார் 3,600 பவுண்டு. 86 மேனுவல் கியரில் 2,800-க்குச் சற்று மேல். ஒரு குதிரைக்கு எத்தனை பவுண்டு என்று வகுத்தால் மஸ்டாங்குக்கு 11.4, 86-க்கு 12.3. 87 குதிரை இடைவெளி என்று முழங்கியது இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கினாலும் மஸ்டாங்தான் முன்னால். சிக்னலிலிருந்து நேர்கோட்டில் ஓடினால் அது 86-ஐ விட்டுவிட்டுப் போய்விடும். 86 ஆள் இதை மறுக்கவே கூடாது. மறுத்தால் அடுத்து அவன் சொல்லும் எதையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை. இங்கே பழைய 86-இன் கதை தெரிந்திருப்பது நல்லது. 2012-இல் டொயோட்டாவின் சயன் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்த இரண்டு லிட்டர் வண்டியில் சுமார் 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) வரை டார்க் கோட்டில் ஒரு பள்ளம். நெடுஞ்சாலையில் முந்தப் போகும்போது சரியாக அந்தப் பள்ளத்தில்தான் கால் விழும். பிறகு கொஞ்சம் திருத்திய மேனுவல் வண்டியிலும் உச்ச டார்க் 156 பவுண்டு-அடி, அதுவும் 6,400 ஆர்பிஎம்முக்கு மேலே ஏறினால்தான். இப்போதைய 2.4 லிட்டர் எஞ்சினில் 184 பவுண்டு-அடி, 3,700-லேயே கிடைத்துவிடுகிறது. 205 குதிரை 228 ஆனது என்று மட்டும் படித்தவர்கள் "இதுக்கா புது மாடல்?" என்று கேட்டார்கள். வலு 2,700 ஆர்பிஎம் கீழே இறங்கி வந்ததை அந்த எண் காட்டுவதில்லை. அதனால் எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும் உச்ச எண்ணோடு, அது எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதையும் கேளுங்கள். மஸ்டாங் ஈகோபூஸ்ட் டர்போ வண்டி, 350 பவுண்டு-அடி. அந்த வகையில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 2024 மாடலிலிருந்து அந்த எஞ்சினோடு மேனுவல் கியர் கிடையாது, பத்து கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். தம்பிக்குக் கிளட்ச் வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை.

பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு எத்தனை நொடி என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் வண்டி முதல் ஓரடி உருண்ட பிறகுதான் கடிகாரத்தைத் தட்டுவது வழக்கம். அதிலேயே கிட்டத்தட்ட கால் நொடி கழிந்துவிடும். அதோடு கிளட்சைக் கருக்கித்தான் அந்த நேரத்தை எடுப்பார்கள். உங்கள் சொந்தக் கிளட்சை ஒரு நாளும் அப்படி மிதிக்க மாட்டீர்கள். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 5-இலிருந்து 60 மைல் என்று, உருளும் வண்டியை மிதித்துப் பார்த்த ஒரு எண்ணையும் போடும். ஒப்பிட வேண்டுமென்றால் அதை ஒப்பிடுங்கள். நம் காலுக்கு அதுதான் நெருக்கம்.

பிரேக்கைக் கேட்க மறக்காதீர்கள்

இது என் சோற்றுப் பானை, நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேகம் எடுப்பதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. 60 மைல் வேகத்தில் ஓட்டுநரோடு சேர்த்து 86 சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய 485 கிலோஜூல். மஸ்டாங் சுமப்பது 610. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இதில் பெரும்பங்கு டிஸ்க்கில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், 60-க்குப் பதில் 100-இலிருந்து நிறுத்தினால் அது 2.8 மடங்கு. சாலையில் இது பெரிதாகத் தெரியாது. டிராக்கில் நாலாவது சுற்றில் தெரியும்.

எனக்குத் தெரிந்த விதம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பல வருடம் முன்னால் என் பழைய காரை ஒரு டிராக் நாளுக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) கொண்டுபோனேன். புது பிரேக் பேட் போட்டிருந்தேன். பிரேக் ஆயிலை மட்டும் மாற்றவில்லை. மூன்றாவது ஓட்டத்தில், நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பெடல் காலோடு கீழே போய்விட்டது. ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்திலான புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தாலே தரம் தேறிவிடும். டாட் 4-க்கு அதுவே 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பிரேக் சோதனை செய்து சம்பளம் வாங்குபவள் நான். அலுவலகத்தில் இதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆகவே "டிராக்குக்குப் போவேன்" என்று சொல்லிக்கொண்டு வாங்குபவர்கள் எடை குறைந்த வண்டிக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம். பேட், டிஸ்க், டயர் எல்லாமே மெதுவாகத் தேயும். அமெரிக்காவில் புது 86 வாங்கினால் தேசிய ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஒரு வருட உறுப்பினர் சேர்க்கையும், பயிற்றுநரோடு ஒரு டிராக் நாளும் சேர்த்துத் தருகிறார்கள். டிராக்குக்குப் போகவே மாட்டீர்களென்றால் இந்தப் பத்தி முழுவதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். போகாத டிராக்குக்காகக் கார் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

காசு

ஸ்டிக்கர் விலையை (காரில் ஒட்டியிருக்கும் நிறுவன விலை) வைத்துச் சண்டை போடுவது வீண். இரண்டு டீலரிடமும் சாவி கையில் வாங்கும் மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள்: கொண்டுவரும் கட்டணம், மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரி, பத்திரச் செலவு, அவர்களாகவே ஒட்டிவைத்த பெயின்ட் பாதுகாப்பு, "மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்" என்ற பெயரில் ஏற்றிய தொகை. தம்பி போன முதல் டீலரிடம் இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்தே ஒரு குளிர்கால டயர் செட்டின் விலையைத் தாண்டியது. எழுந்து வந்துவிட்டோம். மஸ்டாங் பக்கம் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஃபோர்டோடு வியாபாரம் செய்யும் நிறுவன ஊழியர்களுக்கு எக்ஸ்-பிளான் என்ற சலுகை விலை கிடைக்கும். உங்களுக்கும் அப்படி ஏதாவது தகுதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

மாதத் தவணையைக் காட்டி மயக்குவார்கள். 31,000 டாலர் கடனுக்கு 7 சதவீத வட்டியென்றால் 60 மாதத்துக்கு மாதம் 614, 72 மாதத்துக்கு 529. குறைவாகத் தெரிகிற இரண்டாவதில் வட்டி மட்டும் சுமார் 1,200 டாலர் கூடுதல்.

காப்பீட்டை ஊகிக்காதீர்கள். மிச்சிகனில் அது தனி வயிற்றெரிச்சல். இரண்டு காருக்கும் ஒரே அளவு காப்பு வைத்து, அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எண்ணைக் கொடுத்து விலை கேளுங்கள். 86-க்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டும், ஈகோபூஸ்ட் சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓடும். 62 மைல் தினம் ஓடுபவனுக்கு இது சின்ன விஷயமில்லை. என் வீட்டுக்காரருக்கு அன்று கிடைத்த ஒரே நேர்மையான வெற்றி இதுதான், அதற்காக இரண்டு நாள் மிதப்பில் இருந்தார்.

டயர் பற்றி ஒன்று. 86-இன் அடிப்படை மாடலில் 17 அங்குல மிஷெலின் பிரைமசி, பிரீமியம் என்ற உயர் மாடலில் 18 அங்குல பைலட் ஸ்போர்ட் 4. முதல் தலைமுறையில் வந்த பிரைமசியை, டொயோட்டாவின் சிக்கனமான ஹைபிரிட் காரின் பெயரால் "பிரியஸ் டயர்" என்று கேலி செய்தார்கள். பிடி குறைந்த டயரில் பின்பக்கம் சீக்கிரம் வழுக்கும், அந்த விளையாட்டுக்காகவே அதை விரும்புகிறவர்களும் உண்டு. நண்பர் ஒருவர் "86 மகா பிடிமானம்" என்றும் இன்னொருவர் "சோப்புக்கட்டி" என்றும் சொன்னால், இருவரும் வேறு வேறு டயரில் ஓட்டியிருக்கலாம். பைலட் ஸ்போர்ட் கோடைக்கால டயர். ஏழு டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். இங்கே நவம்பரில் குளிர்கால டயருக்கு மாறியே ஆக வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

விற்பனையாளர் காட்டும் வலது-வலது-வலது சுற்று உதவாது. உங்கள் வழியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 25 நிமிடம். நெரிசலான ஒரு சாலையில் கிளட்சோடு நாலைந்து முறை நின்று கிளம்புவது. குழி விழுந்த தெரு, அதற்கு இங்கே பஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவு. பிறகு ரூஜ் ஆற்றை ஒட்டி வளைந்து போகும் ஹைன்ஸ் டிரைவ். மழை பெய்தால் வெள்ளம் ஏறி அதை மூடிவிடுவார்கள், காய்ந்த நாளாகப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தில் மயங்காதீர்கள். 86-இல் ஒலிபெருக்கி வழியாகவும் சத்தத்தைச் சேர்த்து ஊட்டுகிறார்கள். ஜன்னலை இறக்கி ஒருமுறை, ஏற்றி ஒருமுறை கேளுங்கள்.

ஒரு காரியம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் முதல் தடவை உங்களையறியாமல் சிரிக்கும்போது மீட்டரில் என்ன வேகம் என்று குறிக்கச் சொல்லுங்கள். தம்பிக்கு நான் குறித்தேன். மஸ்டாங்கில் நெடுஞ்சாலை ஏற்றத்தில், 74. 86-இல் ஹைன்ஸ் டிரைவ் வளைவொன்றில் மூன்றாவது கியரில், 38. அவன் தினம் போகிற வழியில் எந்த வேகம் எத்தனை முறை கிடைக்கும் என்று அவனே எண்ணிக்கொண்டான். வேறு ஒருவருக்கு இந்த எண்கள் தலைகீழாக வரலாம். நேர்ச்சாலையும் நீண்ட பயணமும் உள்ளவர்களுக்கு மஸ்டாங்தான் சரி என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, "இந்தக் காசுக்குப் பழைய கார்வெட் (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கலாமே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாங்கலாம். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஜனவரி காலை ஆறரைக்கு அது கிளம்பாவிட்டால் அலுவலகத்துக்கு யார் கொண்டுவிடுவார்கள்? தம்பியிடம் சொன்னவர் தானே கொண்டுவிடுவதாகச் சொன்னார். அவர் வீடு 40 மைல் தள்ளி.

தம்பி 86 எடுத்தான், மேனுவல், அடிப்படை மாடல். டயரில் மிச்சம் பிடித்த காசில் குளிர்கால செட் வாங்கினான். பிரேக் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டு எனக்கு இதுவரை மூன்று தடவை செய்தி அனுப்பியிருக்கிறான். என் வீட்டுக்காரர் அந்தக் காரை இரண்டு முறை இரவல் வாங்கிப் போனார். பெட்ரோல் விலையைப் பற்றி மட்டும் குறை சொன்னார்.