மண் தொட்டிச் சோதனை: கலப்பையை அளக்கிறோம், மண்ணைக் கோட்டை விடுகிறோம்

கலப்பையை இழுக்க எவ்வளவு விசை வேண்டும், டிராக்டர் சக்கரம் எப்போது சறுக்க ஆரம்பிக்கும் என்பதையெல்லாம் வயலில் அளக்கப் போனால், ஒரே வயலிலேயே பத்தடிக்கு ஒரு மண் இருக்கும். அதனால்தான் நீளமான தொட்டியில் மண்ணை நிரப்பி, மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் கருவியை மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமாவின் ஆபர்னில் 1930களில் இதற்கென்றே கட்டிய தொட்டிகள் சுமார் 76 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் இருப்பது அதில் ஒரு மூலைக்குக் காணாது. தொட்டி சின்னதாக இருப்பது பிரச்சினையில்லை. இழுவிசையை அளக்கும் லோட் செல்லை அவ்வளவு கவனமாகச் சரிபார்க்கிறவர்கள் மண்ணை ஏனோதானோவென்று விடுவதுதான் பிரச்சினை.

ஈரத்தில்தான் முதலில் சறுக்குவார்கள். காலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்து, மதியமே சோதனையை முடித்துவிடலாம் என்று நினைப்பு. மேலே சேறு, நாலு விரல் கீழே புழுதி. கொழு இரண்டையும் சேர்த்தே வெட்டும், அறிக்கையில் மட்டும் ஒரே ஒரு ஈரப்பதம் இருக்கும். தண்ணீர் விட்டுக் கிளறி, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரிரவாவது விட வேண்டும், களிமண்ணுக்கு அதுவும் போதாது. மாதிரியை மேலே, நடுவே, அடியில் என்று எடுத்து 105 டிகிரி சூட்டடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து எடை பாருங்கள். அப்புறம், 100 கிராம் ஈரமண் காய்ந்து 80 கிராம் ஆனால், உலர்மண் கணக்கில் ஈரப்பதம் 25%, ஈரமண் கணக்கில் 20%. எந்தக் கணக்கு என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது.

ஒரு ஓட்டம் முடிந்ததும் மேலாகச் சமப்படுத்திவிட்டு அடுத்ததுக்குப் போவது அடுத்த தவறு. கலப்பை போன தடம் பொலபொலவென்று கிடக்கும், சக்கரம் போன தடம் இறுகிக் கிடக்கும். மேல்பரப்பு சமமாகத் தெரிகிறதே என்று நம்பினால் மூன்றாவது ஓட்டத்தில் வேறொரு மண்ணைத்தான் சோதிக்கிறீர்கள். உழுத ஆழத்துக்கும் கீழே வரை கிளறி, அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அழுத்த வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடிமண் தளர்வாகவே இருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பது, மண்ணுக்குள் கூம்பை அழுத்தி இறுக்கத்தை அளக்கும் கோன் பெனிட்ரோமீட்டர்: 30 டிகிரி கூம்பு, நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகம், அதுதான் தரம். தம் பிடித்துக் கையால் அமுக்கினால் ஆளுக்கொரு எண் வரும். சராசரியோடு நிறுத்தாமல் ஆழத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். 12 சென்டிமீட்டரில் திடீரென்று மேடு தட்டினால் பழைய இறுகிய அடுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

தொட்டிச் சுவரை ஒட்டி ஓட்டாதீர்கள். மண் கொழுவுக்கு இருபுறமும் விரிந்து உடையும், சுவர் குறுக்கே நின்றால் விசை கூடிக் காட்டும். கான்கிரீட் அடித்தளமும் அப்படித்தான், சக்கரத்தின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்திலும் இருக்கும்.

இடம் போதவில்லை என்று கலப்பையைப் பாதி அளவுக்குச் சுருக்குகிறவர்கள் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள், ஏனென்றால் மண் துகள் சுருங்காது. அளவு பாதியானால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் எதிர்ப்பு நான்கில் ஒன்றாகும், மண்ணின் எடையால் வரும் எதிர்ப்பு எட்டில் ஒன்றாகும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறையாதபோது, மாதிரியில் வந்த எண்ணை ஏதோ ஒன்றால் பெருக்கி முழுக் கலப்பைக்குச் சொல்வது வெறும் யூகம். வேகத்திலும் இதே கதைதான். மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பையின் இழுவிசையில் ஒரு பங்கு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கத்தின் தரக் கணக்குப்படி மணிக்கு 5 கிலோமீட்டரிலிருந்து 8க்குப் போனாலே கிட்டத்தட்ட கால்பங்கு கூடுகிறது. நடை வேகத்தில் இழுத்துவிட்டு டிராக்டர் வேகத்துக்குக் கோடு நீட்டக் கூடாது.

சக்கரச் சோதனையில், டயரைத் தூக்கிவைத்து டேப்பால் அளந்த ஆரத்தைச் சறுக்கல் கணக்கில் போடுகிறார்கள். சுமை ஏறினால் டயர் நசுங்கும், உருளும்போது உள்ள ஆரம் குறையும், இல்லாத சறுக்கல் இருப்பதாக வரும். எந்த நிலையைப் பூஜ்யச் சறுக்கலாக வைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். வண்டி வேகம் பிடிக்கும் தொடக்கத்தையும் பிரேக் போடும் முடிவையும் சராசரியில் சேர்க்காதீர்கள். சரி, நடுவில் விசைக்கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கினால் அதை ‘இரைச்சல்’ என்று வடிகட்டித் துடைத்துவிடவும் வேண்டாம், காய்ந்த மண் கட்டிகட்டியாக உடைவது அப்படித்தான் தெரியும்.

புதுக் கொழுவைப் பெயின்ட்டோடு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயின்ட் மேல் மண் அப்பிக்கொள்ளும், நழுவாது, இழுவிசை எகிறும். ஓட ஓட பெயின்ட் தேய்ந்து விசை தானாக இறங்கும், அதைப் பார்த்து ஈரத்தின் விளைவு என்று எழுதிவிடுவார்கள். முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, கணக்கில் சேராத ஓட்டங்களாகச் சிலவற்றை ஓட்டிப் பளபளப்பு வந்த பிறகு லோட் செல்லை இயக்குங்கள்.