கியர் கேபிளைத் திருகுவதற்கு முன்: ஸ்டெர்ன் டிரைவ், அவுட்போர்டு படகுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் நாகப்பட்டினத்தில் கடுவையாற்று முகத்துவாரத்தைப் படகில் தாண்டியவர்களுக்குத் தெரியும்: அங்கே ஓட்டுபவரின் கை கியர் லீவரை விட்டு நகராது. மணல்திட்டு எங்கே மேடிட்டிருக்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே முன்னே போக வேண்டும். அலை எழும்பினால் நியூட்ரலுக்கு வர வேண்டும். சில நேரம் உடனே ரிவர்ஸ் போட வேண்டும். கியர் விழுவதற்கு மூன்று வினாடி தாமதமானால் படகு அலைக்கு விலாவைக் காட்டி நின்றுவிடும். ஆகவே, கியர் கேபிளை இரண்டு சுற்று திருகிவிட்டுப் போவதைச் சில்லறை வேலையாக என்னால் நினைக்க முடிவதில்லை.

வளைகுடா நாட்டில் ஒரு படகுப் பட்டறையில் பல ஆண்டுகள் ஸ்டெர்ன் டிரைவ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஸ்டெர்ன் டிரைவ் என்றால், இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். புரொப்பல்லரைச் சுழற்றும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். 1959இல் வால்வோ பென்டா 'அக்வாமாட்டிக்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பிறகு மெர்குரூசர் உலகமெங்கும் பரப்பியது. நம் பக்கத்தில் இவ்வகைப் படகுகள் குறைவு. ஃபைபர் படகும், இன்ஜின் முழுதும் பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டும்தான் அதிகம். ஆனால் லீவரிலிருந்து கேபிள் வழியாகக் கியருக்குப் போகும் பாதையில் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்; தவறுகளும் பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கைக் கடைமடை விவசாயிக்கு விளக்கத் தேவையே இல்லை. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தி; கடைசி வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்பதுதான் நடவு. கியரும் அப்படியே. நீங்கள் தள்ளும் லீவர் தலைமதகு. கடைமடை என்பது புரொப்பல்லருக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பல் கிளட்ச். நடுவில் கேபிள், அதன் நீளத்தைச் சரிசெய்யும் பித்தளை உருளை, இன்ஜின் மேல் இருக்கும் தகடு, அதிலிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இன்னொரு கேபிள், கடைசியாகக் காலுக்குள் இறங்கும் தண்டு. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் அசைவு கசிந்துபோகும். மேலே லீவர் முழுதாக நகர்ந்திருக்கும். கீழே கிளட்ச் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். பாதி பிடித்த பற்கள் ஒன்றன் முனையை ஒன்று தின்னும்.

நியூட்ரலைத் தேடாமல் திருகுவது

நான் அதிகமாகப் பார்க்கும் தவறு இதுதான். முன்கியர் விழவில்லை என்றால், முன்கியர் விழும்வரை கேபிளைத் திருகுகிறார்கள். அது விழுந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் கொடுத்த அசைவு ரிவர்ஸிலிருந்து எடுத்தது. அது தெரியவருவது படகுத்துறையில் மோதும்போதுதான்.

சரிசெய்வதை எப்போதும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். நியூட்ரல் என்பது லீவர் நிமிர்ந்து நிற்கும் இடம் அல்ல. கேபிளுக்குள் இருக்கும் தளர்ச்சியின் சரிபாதிதான் நியூட்ரல். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பென்சில் போதும். கேபிளை இன்ஜின் பக்கம் கழற்றிவிடுங்கள். லீவரை முன்கியருக்குத் தள்ளி, மெதுவாக நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கேபிளின் முனை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அடுத்து ரிவர்ஸுக்குத் தள்ளி, மறுபடி நியூட்ரலுக்கு வாருங்கள். முனை இப்போது அதே கோட்டில் நிற்காது, சற்றுத் தள்ளி நிற்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு போடுங்கள். அதுதான் உங்கள் படகின் உண்மையான நியூட்ரல்.

முதல் இரண்டு கோடுகளுக்கும் இடையே அரை விரல் அகலம் தெரிந்தாலே நான் கேபிளை மாற்றச் சொல்லிவிடுவேன். அந்தத் தளர்ச்சியை எந்த நட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இனி, கியர்ப்பெட்டிப் பக்கமும் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பல்லர் கையால் சுற்றினால் இரண்டு பக்கமும் தடையின்றிச் சுழல வேண்டும். அதற்கு முன் சாவியை எடுத்துவிடுங்கள், இழுத்தால் இன்ஜினை அணைக்கும் நிறுத்துக் கயிற்றைக் கழற்றுங்கள், பாட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரியுங்கள். கியர் விழுந்திருக்கும்போது புரொப்பல்லரைச் சுற்றினால் இன்ஜினும் சேர்ந்து சுழலும். சூடாக இருக்கும் இன்ஜின் உயிர்பெற்றுவிடலாம். விரல்கள் திரும்ப முளைக்காது.

இரண்டு பக்கமும் நியூட்ரலில் நிற்கும்போது, பித்தளை உருளையைத் திருகிக் கேபிளின் முனையை அது மாட்டும் ஆணிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அது தானாக வந்து உட்கார வேண்டும். கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளித்தான் மாட்ட முடிகிறது என்றால், அந்தத் தள்ளு நாள் முழுக்கக் கிளட்சின் மேல் கிடக்கும். முதலில் கியர் கேபிள், பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இன்ஜின் ஓடாதபோது லீவரை அழுத்துவது

கரையில் ஏற்றி வைத்த படகில் குழந்தைகள் லீவரைத் தள்ளி விளையாடுவார்கள். பெரியவர்களும் செய்கிறார்கள். புரொப்பல்லர் நிற்கும்போது பல்லின் மேல் பல் உட்கார்ந்திருக்கலாம். அப்போது லீவரை அழுத்தினால் கிளட்ச் நகராது. கேபிளோ தண்டோ வளையும். சோதிக்கத்தான் வேண்டும் என்றால் ஒருவர் புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுழற்ற, இன்னொருவர் லீவரை நகர்த்த வேண்டும். 'டக்' என்று பல் விழும் சத்தம் கேட்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு, இன்ஜின் ஓடும்போது லீவரை மெதுவாகத் தள்ளுவது. வண்டிக்குக் கிளட்சை மெல்ல விடுவதுபோல இதற்கும் மென்மை நல்லது என்று நினைக்கிறார்கள். இது உரசிப் பிடிக்கும் கிளட்ச் அல்ல, பல் கிளட்ச். மெதுவாகத் தள்ளினால் 'கரகர' என்று பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஐடிலில் இருக்க வேண்டும், கை தயங்காமல் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். மெர்குரூசரின் ஆல்ஃபாவிலும் பெரும்பாலான அவுட்போர்டுகளிலும் இருப்பது பல் கிளட்ச். மெர்குரூசரின் இன்னொரு வகையான பிராவோவில் கூம்புக் கிளட்ச். அதற்கும் தயக்கம் ஆகாது.

நோயை விட்டு அறிகுறியைத் திருகுவது

இதை நானே செய்திருக்கிறேன். ஊர் திரும்பிய முதல் ஆண்டு. ஆல்ஃபா டிரைவ் போட்ட ஒரு படகு. கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போதெல்லாம் இன்ஜின் நின்றுவிடுகிறது என்றார் உரிமையாளர். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடைப்பட்ட நாட்கள். பட்டறையில் நிற்க இடம் இல்லை. நான் ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், கேபிளை இரண்டு சுற்று திருகினேன். இன்ஜின் நிற்பது நின்றது. அவர் மகிழ்ச்சியோடு போனார்.

மூன்று வாரம் கழித்து முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, ஆட்களோடு போகும்போது முன்கியர் தானாகக் கழன்றது. மறுபடி போட்டால் மறுபடி கழன்றது. நங்கூரம் போட்டு நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலைப் பிரித்துப் பார்த்தேன். கிளட்ச் பல்லின் முனைகள் சதுரமாக இருக்க வேண்டியவை. ஆற்றுக் கூழாங்கல்போல மழுங்கியிருந்தன. பின்பலகையைத் தாண்டிப் போகும் கீழ்க் கேபிளை உருவினேன். பாதித் தூரம் வழுவழுப்பாக வந்தது, பிறகு துருப்பிடித்த இழைகள் உறைக்குள் சிக்கிக்கொண்டு நின்றன. அந்தக் கேபிளை இப்போதும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன், இது பலருக்கும் நடக்கிறது. பல் கிளட்ச் சுமையோடு பிடித்திருக்கும்போது எளிதில் விடாது. ஆகவே ஆல்ஃபாவில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கியரிலிருந்து லீவரை இழுக்கும்போது கீழே எதிர்ப்பு வந்தால், தகட்டின் 'வி' வடிவப் பள்ளத்திலிருந்து சுவிட்சின் உருளை ஏறி, ஒரு நொடி தீப்பொறியை நிறுத்தும். இன்ஜின் தளரும், பல் கழலும், உருளை பள்ளத்துக்குத் திரும்பும், இன்ஜின் தொடர்ந்து ஓடும். கீழ்க் கேபிள் துருவால் இறுகிவிட்டால் எதிர்ப்பு விலகுவதே இல்லை. சுவிட்ச் அழுந்தியபடியே இருக்கும், இன்ஜின் நின்றுவிடும். அதாவது, சுவிட்ச் சொல்வது உண்மை: கீழே கேபிள் கெட்டுவிட்டது. நான் ஐடிலை ஏற்றி அதன் வாயை அடைத்தேன். ஏற்றிய வேகத்தில் ஒவ்வொரு முறையும் கியர் அடித்து விழுந்தது, பற்கள் தேய்ந்தன. சிலர் சுவிட்சின் ஒயரையே கழற்றிவிடுகிறார்கள். அப்போது இன்ஜின் நிற்காது, ஆனால் கியரும் வெளியே வராது.

எந்தக் கேபிள் கெட்டது என்று அறிய எளிய வழி உண்டு. லீவரிலிருந்து வரும் கேபிளை இன்ஜின் தகட்டில் கழற்றுங்கள். லீவரை மட்டும் நகர்த்திப் பாருங்கள். கீழ்க் கேபிளைத் தனியாகக் கையால் நகர்த்திப் பாருங்கள். எது இறுகியிருக்கிறதோ அதை மாற்றுங்கள். இளக்குவதற்கு டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்ற வேண்டாம். இந்நாளையக் கேபிள்களில் பலவற்றின் உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ஊற்றியது உப்பையும் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸ் வெளி மூட்டுகளுக்கு மட்டும்.

ரப்பர் உறையைப் பார்க்காமல் விடுவது

ஸ்டெர்ன் டிரைவ் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கீழ்க் கேபிள் பின்பலகையைத் துளைத்து வெளியே போகும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதைக் கட்டைவிரல் பருமனில் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அது கிழிந்தால் கேபிள் துருப்பிடிக்கும் என்பது சின்ன சேதம். கட்டிப்போட்ட படகுக்குள் இரவெல்லாம் தண்ணீர் ஏறி, காலையில் படகு மூழ்கிக் கிடக்கும் என்பதுதான் பெரிய சேதம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் உப்பங்கழி போன்ற இடங்களில் நிற்கும் படகுகளுக்கு ஆபத்து கூடுதல். உறையின் மடிப்புக்குள் கொட்டலசு என்ற ஓட்டு உயிரி ஒட்டிக்கொள்ளும். கால் திரும்பும்போதெல்லாம் அதன் விளிம்பு ரப்பரை அறுக்கும். காலை முழுதாகத் தூக்கி, உறையை விரலால் விரித்து, மடிப்பின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். கேபிளை மாற்றும்போது உறையையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய உறையைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு படகின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

சின்னச் சின்ன பூட்டுகள்

கேபிள் முனையை மாட்டும் நட்டை இறுக்கிக் கட்டுவது கைப்பழக்கம். இங்கே அது தவறு. முனை தன் ஆணியில் சுழல வேண்டும். மெர்குரூசர் முறைப்படி நட்டு தொடும்வரை திருகி, அரைச் சுற்று திருப்பி விட வேண்டும். கழலாமல் காப்பது நைலான் வளையமோ பிளவுப் பின்னோதான். பிளவுப் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், இரண்டு கால்களையும் மடக்குங்கள். பிளவுப் பின்னுக்குப் பதில் சாதாரண ஆணியைச் செருகி வளைத்துவிட்ட படகுகளைப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் ஓர் ஆணியின் ஆயுள் எவ்வளவு என்று நாகைக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அவுட்போர்டில் கேபிளின் முனைத்துண்டு எத்தனை மரை ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். யமஹா கேட்பது குறைந்தது 8 மில்லிமீட்டர். நீளம் போதவில்லை என்று அதைக் கடைசி இரண்டு மரையில் தொங்கவிட்டால், ஒரு நாள் நடுக்கடலில் லீவர் மட்டும் உங்கள் கையில் ஆடும். இருக்கையைப் பெரிதாக்குவதற்காகவும் மீன்பெட்டி வைப்பதற்காகவும் கேபிளைச் செங்குத்தாக மடக்குவதும் இதே வகைதான். சாதாரணக் கேபிளின் வளைவு எட்டு அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது.

லீவர் பெட்டியை மாற்றினால், கேபிள் தள்ளுகிறதா இழுக்கிறதா என்பது பழையபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பிராவோவில் புரொப்பல்லர் சுழலும் திசையைக் கேபிளை மாற்றி மாட்டி மாற்றலாம். ஆல்ஃபாவில் அப்படிச் செய்தால் ரிவர்ஸ் பல்சக்கரம் முன்கியரின் சுமையைச் சுமக்கும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கரையிலேயே முடித்துவிடுவது

குழாய்த் தண்ணீரைக் கொடுத்துக் கரையில் ஓட்டிப் பார்த்தால் கியர் எப்போதும் நன்றாகவே விழும். புரொப்பல்லருக்குத் தண்ணீரின் சுமை இல்லை அல்லவா? படகை இறக்கி, துறையில் இரண்டு கயிறு போட்டுக் கட்டி, யாரும் பின்பக்கம் இல்லை என்று பார்த்துவிட்டு, ஐடிலில் முன்னும் பின்னும் பத்து முறை போட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து ஒரு முறை, இடக்கோடிக்குத் திருப்பி ஒரு முறை, வலக்கோடிக்குத் திருப்பி ஒரு முறை. நேராக இருக்கும்போது விழும் கியர், திருப்பியபோது இறுகினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

புரொப்பல்லரில் வலையோ ஆகாயத்தாமரைத் தண்டோ சுற்றி இன்ஜின் திடீரென்று நின்ற பிறகும் இந்தச் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். அந்த அடி கிளட்ச் வரை போயிருக்கும்.

எல்லாம் சரி என்று தெரிந்ததும், பித்தளை உருளைக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி, தேதியோடு எழுதிவையுங்கள். என் பட்டறையில் படகுக்கு ஒரு பக்கம் வைத்த நோட்டு இருக்கிறது. அடுத்த முறை அதே படகு வரும்போது முதலில் அந்த மரையைத்தான் எண்ணுகிறேன்.