பல் எடுத்த பிறகு உதடு மரத்துப்போனால்

கீழ்க் கடைவாயின் ஞானப்பல்லை எடுத்த மறுநாளும் கீழுதட்டில் ஒரு பாதியும் முகவாயும் மரத்தே இருந்தால், பக்கவாதமோ என்று பலர் பதறுகிறார்கள். முகத்தை அசைப்பது ஏழாம் மூளை நரம்பு. தொடுதலையும் சூட்டையும் வலியையும் உணர்த்துவது ஐந்தாம் நரம்பு. சிரிக்கும்போது இரு பக்கமும் சமமாக அசைந்து, உணர்வு மட்டும் இல்லையென்றால், தாடை எலும்புக்குள் ஓடும் ஐந்தாம் நரம்பின் கிளை அடிபட்டிருக்கலாம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

“நரம்பு செத்துவிட்டது, இனி அவ்வளவுதான்” என்று மனம் விடுவது அடுத்த தவறு. அந்த நரம்புச் செல்களின் உடல் மண்டையோட்டின் அடியில், காதுக்கு முன்புறமாக உள்ளே, ஒரு முடிச்சில் பத்திரமாக இருக்கிறது. அடிபடுவது அதிலிருந்து நீளும் இழை. வெட்டுண்ட இழையில் வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைவதை ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர் 1850-இல் தவளை நரம்புகளில் காட்டினார். இழையைச் சுற்றி உறைபோல் இருக்கும் ஷ்வான் செல்கள் அந்தச் சிதைவை அகற்றி, வரிசையாக நின்று புதிய இழைக்குப் பாதை போடுகின்றன. அது வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஞானப்பல்லிலிருந்து உதடு வரை சில சென்டிமீட்டர் என்பதால் மாதக்கணக்கில் ஆவது இயல்பு. நரம்பு நசுங்கியது மட்டும் என்றால் சில வாரங்களிலேயே உணர்வு திரும்பலாம். முழுதாக அறுந்திருந்தால் தானாகச் சேர்வது அரிது.

இடையில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது இழைகள் வளர்வதன் அடையாளம். ஆனால் எரிச்சல் நாளுக்கு நாள் கூடினாலோ, மெல்லத் தொட்டாலே வலித்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்; சாதாரண வலி மாத்திரை அதற்குப் போதாது.

மரத்த பக்கம் டீ டம்ளரை வைத்துக் குடிக்காதீர்கள். சுட்டது தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகே தெரியும். சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வதும் அப்படித்தான்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, வைட்டமின் மாத்திரையை விழுங்கிக்கொண்டு கணக்கில்லாமல் காத்திருப்பது. வாரம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பஞ்சுத் திரியால் முகவாயை வருடச் சொல்லுங்கள். உணர்வு மறையும் எல்லையைப் பேனாவால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். எல்லை சுருங்கினால் நல்லது. மூன்று மாதமாகியும் இம்மியும் நகரவில்லையென்றால் வாய், முக அறுவை மருத்துவரைப் பாருங்கள். நரம்பைத் தைத்துச் சேர்ப்பதற்குத் தாமதம் ஆக ஆகப் பலன் குறைகிறது. செயற்கைப் பல்லுக்காக எலும்பில் திருகு பொருத்திய பிறகு மரத்திருந்தால் மூன்று மாதமெல்லாம் இல்லை, அன்றோ மறுநாளோ பல் மருத்துவரை அழையுங்கள். அது நரம்பை அழுத்தினால் சீக்கிரம் கழற்ற வேண்டியிருக்கும்.

பல்லே எடுக்காமல், அடியும் படாமல் முகவாய் மரத்துப்போனால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். எங்கோ இருக்கும் புற்றுநோய் தாடை எலும்புக்குப் பரவியதன் முதல் அறிகுறியாகவும் அது இருப்பதுண்டு.